"நானா விளையாடப் போறேன்?"

"மாமா, சனிக்கிழமை ஃபுட்பால் மேட்ச்சுக்கு மூணு டிக்கெட் எடுத்திருக்கேன். அத்தையும் கட்டாயம் வரணும்!"

ஜெர்மனியில், மியூனிக் நகரத்தில், மகள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மாப்பிள்ளை இப்படிச் சொன்னதும் என் கணவர் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் வெளிச்சம். எனக்கோ பகீரென்றது. மகளின் பிரசவத்துக்காகச் சென்னையிலிருந்து போயிருந்தோம். இவருக்கு வயது அறுபத்தாறு. இரண்டு வருஷத்துக்கு முன்புதான் ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள்.

"உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்? டி.வி.யில பாருங்களேன்..."

"நானா விளையாடப் போறேன்? உட்கார்ந்து பார்க்கிறதுல என்ன வந்துடும்?"

கேள்வி நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. சென்னையில் எங்கள் டாக்டருக்குப் போன் போட்டேன். "எந்த ஊர்ல இருந்து பேசறீங்க? மியூனிக்கா?" என்று சிரித்தவர் ஒரு விஷயம் சொன்னார். 2006-ல் உலகக் கோப்பை ஜெர்மனியில் நடந்தபோது, மியூனிக் வட்டாரத்தில் இதயக் கோளாறுக்காக அவசர சிகிச்சைக்கு வந்தவர்களை அங்குள்ள டாக்டர்கள் கணக்கெடுத்தார்களாம். ஜெர்மனி ஆடிய நாட்களில் அந்த எண்ணிக்கை வழக்கத்தைவிட 2.66 மடங்கு! ஆண்களில் மூன்று மடங்குக்கும் மேல். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களிடம் நான்கு மடங்கு. அதிலும் ஆட்டம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில்தான் அதிகம். 2008-ல் ஒரு பெரிய மருத்துவப் பத்திரிகையில் இந்த ஆய்வு வெளியானது.

பார்ப்பவர் உட்கார்ந்திருந்தாலும் அவர் இதயம் உட்கார்ந்திருப்பதில்லை. பதற்றத்தில் அட்ரினலின் சுரக்கிறது. நாடித்துடிப்பும் பி.பி.யும் எகிறுகின்றன. ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. குழாய்க்குள் படிந்திருக்கும் கொழுப்பு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்தால் மாரடைப்பு. குளிர் வேறு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

"அப்போ போக வேண்டாமா டாக்டர்?"

"வேண்டாம்னு சொல்லலைம்மா. மாத்திரை வேளை தவறக் கூடாது. நல்லா போர்த்திக்கிட்டு, நிதானமா படி ஏறணும். நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை சட்டைப் பையில இருக்கணும், சூட்கேஸ்ல இல்லை!"

போனோம். நாங்கள் பார்த்தது உலகப் புகழ்பெற்ற பேயர்ன் மியூனிக்கை அல்ல. அதே ஊரின் இன்னொரு அணி, 1860 மியூனிக். 1966-ல் தேசிய சாம்பியனாக இருந்து, 2017-ல் நாலாம் டிவிஷன் வரை சரிந்து, அடுத்த வருஷமே மூன்றாம் டிவிஷனுக்கு ஏறிய அணி. கீசிங் பேட்டையில், வீடுகளுக்கு நடுவே, 1911-ல் தோன்றிய மைதானம். பதினைந்தாயிரம் பேர்தான் கொள்ளும். தாத்தாவும் பேரனும் ஒரே மாதிரி வெளிர் நீல மஃப்ளர் சுற்றிக்கொண்டு வருவதைப் பார்க்க நம்மூர்த் தேர்த் திருவிழா ஞாபகம் வந்தது. கோலுக்குப் பின்னால் நிற்கிற கூட்டம் தொண்ணூறு நிமிஷமும் பாட்டை நிறுத்தவில்லை. பந்தாட்டத்தில் அரிச்சுவடிகூடத் தெரியாத நானே அரை மணியில், "போடுடா, போடு!" என்று தமிழில் கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து ஜெர்மன்காரர் ரசித்துச் சிரித்தார்.

இரண்டாம் பாதி. ஆளுக்கொரு கோல். ஆட்டம் முடியப் பத்து நிமிஷம். திரும்பிப் பார்த்தால், இவர் கத்தவில்லை. கையைத் தாடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் குளிரிலும் நெற்றியில் வியர்வை!

"என்னங்க?"

"ஒண்ணுமில்லை... தாடை கொஞ்சம் இழுக்குது."

சினிமாவில் வருகிற மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால்தான் மாரடைப்பு என்பதில்லை. தாடை, தோள், முதுகு, மூச்சுத் திணறல் என்று எப்படியும் அடையாளம் காட்டலாம். டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த மாத்திரையை உட்கார்ந்தபடியே நாக்குக்கு அடியில் வைக்கச் சொன்னேன். (நின்றுகொண்டு வைத்தால் பி.பி. இறங்கித் தலைசுற்றி விழ நேரலாம்.) ஐந்து நிமிஷத்தில் குறையாவிட்டால் 112-க்குப் போன் செய்வது என்று மாப்பிள்ளை கையில் போனோடு நின்றார். அதுதான் அங்கே ஆம்புலன்ஸ் எண். அதற்குள் முதலுதவிக்காரர்களே வந்துவிட்டார்கள். "வலி போயிடுச்சே, மேட்ச் முடியட்டும்" என்று இவர் முரண்டு பிடித்தார். அவர்கள் விடவில்லை.

ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தார்கள். சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை ரத்தப் பரிசோதனை. நல்லவேளை, மாரடைப்பு இல்லை. இளம் டாக்டர் ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டார்: "காலையில் மாத்திரை சாப்பிட்டீர்களா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன்.

ராத்திரி முழுக்கக் குழந்தை அழுததால் எழுந்ததே லேட். காலை டிபனும் மதியச் சாப்பாடும் ஒன்றாகிப் போனது. "வந்து போட்டுக்கலாம்" என்று இவர் தள்ளிவைத்தது, நாடித்துடிப்பை அடக்கி வைக்கிற மாத்திரை. வேறு எந்த நாளையும்விட அன்றுதான் அது தேவைப்பட்டது. போன் செய்து, ஸ்வெட்டர் எடுத்து, ஃபிளாஸ்கில் வெந்நீர் ஊற்றி எல்லாம் செய்த நான், இதைக் கேட்க மறந்தேனே!

வெளிநாடு போகிறவர்களுக்கு இது சகஜமாம். குளிர்காலத்தில் அங்கே நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். எந்த வேளை மாத்திரை எந்த வேளைக்கு என்பதே குழம்பிவிடுகிறது. இறங்கிய நாளிலேயே அந்த ஊர் நேரப்படி அட்டவணை போட்டுக் கொடுக்க டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சீட்டில் மாத்திரையின் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பெயரும் இருக்கட்டும், அங்கே கம்பெனிப் பெயர் யாருக்கும் புரியாது. விசாவுக்காக எடுக்கும் இன்ஷூரன்ஸ் ஏற்கெனவே உள்ள நோய்க்கும் பணம் தருமா என்று படித்துப் பார்த்து எடுங்கள். நாங்கள் பில்லைப் பார்த்த பிறகுதான் படித்தோம்.

அன்றிரவு அங்கேயே படுக்க வைத்தார்கள். விளக்கை அணைத்ததும், தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்தேன். இருட்டில் இருந்து மெதுவாகக் குரல் வந்தது.

"மாப்பிள்ளைகிட்டே கேளேன்... கடைசியில யாரு ஜெயிச்சா?"