பிழை காணும் வாசிப்பு: வீட்டு மின்பாதுகாப்பு ஆய்வறிக்கை

கதையையும் கவிதையையும் ஊன்றிப் படிக்கும் நாம், அலுவல் சார்ந்த எழுத்துகளைக் கையொப்பமிடும் இடத்தைத் தேடுவதற்கு மட்டுமே புரட்டுகிறோம். வீட்டின் மின்இணைப்புகளை ஆய்ந்து மின்பணியாளர் தரும் அறிக்கையும் அவ்வாறே அலமாரிக்குச் சென்றுவிடுகிறது. அதிலுள்ள பிழையைக் கண்டறிய மின்பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலும், சொற்களை ஐயுற்று நோக்கும் பழக்கமும் போதும். பயிற்சிக்காக எழுதப்பட்ட மாதிரி அறிக்கை ஒன்றைப் பார்ப்போம். மேலே படிக்குமுன் இதனை இருமுறை வாசியுங்கள்.

மாதிரி அறிக்கை

1. ஆய்வு நாளன்று காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை பராமரிப்புப் பணிக்காக மின்தடை இருந்தது. ஆய்வு 10.30 மணிக்குத் தொடங்கி 11.15 மணிக்கு முடிக்கப்பட்டது.
2. மின்னழுத்தம்: 230 வோல்ட்.
3. மின்காப்பு அளவு: கூடம் 200, சமையலறை 200, படுக்கையறை 200, குளியலறை 200.
4. மின்கசிவுத் துண்டிப்பான் (ஆர்.சி.சி.பி.): 30 ஆம்பியர். சோதனைப் பொத்தான் அழுத்தப்பட்டது, உடனே துண்டித்தது. எனவே எர்த் இணைப்பு சரியாக உள்ளது.
5. குளியலறை கீசர்: 3 கிலோவாட். கம்பி: 1.5 சதுர மி.மீ. செம்பு. எம்.சி.பி.: 32 ஆம்பியர். நல்ல நிலையில் உள்ளது.
6. எர்த் குழியின் மின்தடை: 10 ஓம்.
7. வீடு முழுவதும் பாதுகாப்பாக உள்ளது.

ஒன்றையொன்று மறுக்கும் தொடர்கள்

தனித்தனியே படித்தால் எந்த வரியும் தவறாகத் தோன்றவில்லை. முதல் வரியையும் இரண்டாம் வரியையும் சேர்த்துப் படியுங்கள். மின்விநியோகமே இல்லாத 10.30 மணிக்கு 230 வோல்ட் எங்கிருந்து வந்தது? நம் நாட்டு வீடுகளுக்கு வழங்கப்படும் மின்னழுத்தம் 230 வோல்ட் என்பது பாடநூலிலேயே உள்ளது. கருவியில் தெரிந்த எண் எழுதப்படவில்லை. மனப்பாடமாக இருந்த எண் எழுதப்பட்டுள்ளது. நான்காம் வரியும் இதே சிக்கலில் மாட்டுகிறது. மின்சாரம் இல்லாதபோது துண்டிப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் எதுவும் நிகழாது.

“வீட்டில் இன்வெர்ட்டர் இருந்திருக்கலாமே” என்று கூர்மையான மாணவர் ஒருவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. அவ்வாறாயின் அளக்கப்பட்டது இன்வெர்ட்டரின் மின்னழுத்தம். வீட்டிற்கு வரும் மின்னழுத்தம் அன்று. அதனை அறிக்கை சொல்லியிருக்க வேண்டும்.

இடையே ஒரு சொல்லாய்வு. முதல் வரியின் ‘மின்தடை’ மின்சாரம் நின்றுபோனதைக் குறிக்கிறது. ஆறாம் வரியின் ‘மின்தடை’ ஓம் அலகால் அளக்கப்படும் பண்பைக் குறிக்கிறது. ‘மின்தடை காரணமாக அளவீடு எடுக்கப்படவில்லை’ என ஓர் அறிக்கையில் வந்தால், இரண்டில் எதனைப் பொருள் கொள்வது? ஒன்றை ‘மின்நிறுத்தம்’ என எழுதினால் குழப்பம் தீரும்.

அலகு இல்லாத எண்

மூன்றாம் வரியில் 200 என்பது எந்த அலகில்? கம்பியின் மேலுறை மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதையே மின்காப்பு அளவு காட்டுகிறது. மெயின் சுவிட்சை நிறுத்தி, மின்சாதனங்களைக் கழற்றிவிட்டு, 500 வோல்ட் நேர்மின்னழுத்தத்தை ஒரு நிமிடம் செலுத்தி ‘மெகர்’ என்னும் கருவியால் இதனை அளப்பர். அளவு 1 மெகா ஓமுக்குக் குறையக்கூடாது. ஆகவே 200 மெகா ஓம் என்றால் மிக நன்று. 200 ஓம் என்றாலோ, ஓம் விதிப்படி 230ஐ 200ஆல் வகுத்தால் ஓர் ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் அங்கே கசிகிறது என்று பொருள். ஒரே எண் காப்பையும் குறிக்கலாம், கேட்டையும் குறிக்கலாம்.

நான்கு அறைகளிலும் ஒரே அளவு வந்திருப்பதும் உறுத்துகிறது. ஈரம் படிந்த குளியலறையும் உலர்ந்த கூடமும் அரிதாகவே ஒத்த அளவைக் காட்டும். எனினும் உடனே பொய் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கருவியின் அளவுகோல் 200 வரை மட்டுமே இருந்தால், அதற்கு மேற்பட்ட எதனையும் அதனால் அளந்து காட்ட இயலாது. அப்போது ‘200 மெகா ஓமுக்கு மேல்’ என எழுதுவதே முறை.

‘எனவே’ என்னும் சொல்

இவ்வறிக்கையின் மிகப் பெரும் பிழை ஓர் எண்ணில் இல்லை. நான்காம் வரியின் ‘எனவே’ என்னும் சொல்லில் உள்ளது. அதனை உணர, துண்டிப்பான் இயங்கும் முறையை அறிய வேண்டும்.

மின்கம்பியின் வழியே வீட்டிற்குள் செல்லும் மின்னோட்டமும், நடுநிலைக் கம்பியின் வழியே திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்க வேண்டும். சாதனத்தின் உலோக உடல் வழியாகவோ மனித உடல் வழியாகவோ ஒரு பகுதி நிலத்திற்குக் கசிந்தால், திரும்பி வருவது குறையும். அவ்வேறுபாட்டை உணர்ந்து நொடிப்பொழுதில் இணைப்பைத் துண்டிப்பதே இச்சாதனத்தின் வேலை. சோதனைப் பொத்தானை அழுத்தும்போது, அத்தகைய வேறுபாடு ஒன்று சாதனத்தின் உள்ளேயே செயற்கையாக உண்டாக்கப்படுகிறது. அந்தச் சிறு மின்னோட்டம் வீட்டின் எர்த் கம்பியைத் தொடுவதே இல்லை. எர்த் கம்பியே இழுக்கப்படாத வீட்டிலும் பொத்தானை அழுத்தினால் துண்டிக்கும். பொத்தான் சொல்வது ‘நான் இயங்குகிறேன்’ என்பதை மட்டுமே. ‘எனவே எர்த் சரி’ என்பது, கதவின் தாழ்ப்பாள் நகர்கிறது, எனவே சுவர் உறுதியானது என்பதைப் போன்றது.

நான் ஒருமுறை குடியிருந்த வாடகை வீட்டிலும் எல்லாச் சாக்கெட்டுகளிலும் எர்த் சரியாக இருப்பதாகவே எழுதித் தந்திருந்தனர். சில நாள்களில் குளிர்பதனப் பெட்டியின் கதவைத் தொட்டால் விரல் நுனியில் சுறுக்கென்றது. வேறொரு மின்பணியாளர் சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்த்தார். எர்த் முனையையும் நடுநிலை முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து வைத்திருந்தார்கள். சோதனை விளக்கு அங்கும் ஒழுங்காகவே எரிந்தது. நடுநிலைக் கம்பி எங்கேனும் அறுந்தால், பெட்டியின் உடல் முழுவதும் 230 வோல்ட் ஏறியிருக்கும் என்றார் அவர். அன்றுமுதல் ‘சரி’ என்ற சொல்லைக் கண்டால், எதைக் கொண்டு அறிந்தீர் என்று கேட்பது என் வழக்கமாயிற்று.

அதே வரியில் ‘30 ஆம்பியர்’ என்பதையும் கவனியுங்கள். துண்டிப்பானின் முகப்பில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, அது தாங்கும் மின்னோட்டம். 25, 40, 63 ஆம்பியர் என வரும். மற்றொன்று, எவ்வளவு கசிந்தால் துண்டிக்கும் என்பது. வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர். எழுதியவர் ‘மில்லி’யை விட்டுவிட்டார். விடுபட்டது ஒரு சொல்; மாறியது ஆயிரம் மடங்கு.

குளியலறைக் கணக்கு

ஐந்தாம் வரியை எளிய வகுத்தலால் சோதிக்கலாம். 3000 வாட்டை 230ஆல் வகுத்தால் ஏறத்தாழ 13 ஆம்பியர். சுவருக்குள் குழாயில் செல்லும் 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி தாங்குவது ஏறத்தாழ 15 ஆம்பியர். கீசர் மட்டும் இயங்கும்வரை சிக்கல் வெளியே தெரியாது. அதே கம்பியில் இன்னொரு சாதனமும் சேர்ந்து 25 ஆம்பியர் சென்றால் கம்பி சூடேறி மேலுறை உருகும். 32 ஆம்பியர் எம்.சி.பி.யோ அசையாமல் இருக்கும். எம்.சி.பி. முதலில் காக்க வேண்டியது கம்பியை. அவ்விடத்தில் 2.5 சதுர மி.மீ. கம்பியும் 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் பொருந்தும்.

இதனோடு ஆறாம் வரியைச் சேருங்கள். கீசரின் உலோக உடலில் மின்சாரம் பாய்ந்து, எர்த் குழி வழியாக மட்டும் நிலத்திற்குச் செல்வதாகக் கொள்வோம். 230ஐ 10ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். 32 ஆம்பியர் எம்.சி.பி. இதனைப் பிழையாகவே கருதாது. ஈரக் கையுடன் குழாயைத் திறக்கும் பாட்டியை அப்போது காக்கக்கூடியது அந்த 30 மில்லி ஆம்பியர் துண்டிப்பான் ஒன்றே. அதைப் பற்றிய வரிதான் இவ்வறிக்கையில் மும்முறை பிழைபட்டது.

சொல்லாமல் விட்டவை

‘முடிக்கப்பட்டது’, ‘அழுத்தப்பட்டது’ எனச் செயப்பாட்டு வினைகள் வருகின்றன. செய்தவர் யார்? தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் மின்கம்பியாளர்களுக்குத் தகுதிச் சான்று அளிக்கிறது. அச்சான்றின் எண் அறிக்கையில் இல்லை. ‘வீடு முழுவதும்’ என்கிறது ஏழாம் வரி. கொல்லையிலுள்ள நீரேற்று மோட்டாரும் மாடிப்படி விளக்கும் அதில் அடங்குமா? ‘நல்ல நிலை’ என்பது கருத்து, அளவீடு அன்று.

பிழையை ஐயுற்றால் நீங்களே சுவிட்ச் பெட்டியைத் திறக்க முற்பட வேண்டா. துண்டிப்பானின் முகப்பிலுள்ள எண்களைத் தொடாமலே படிக்கலாம். மற்றவற்றை எழுதியவரிடம் கேளுங்கள். நான்காம் வரியை நேர்மையாகத் திருத்தினால் இவ்வாறு அமையும்: ‘ஆர்.சி.சி.பி.: 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர். மின்நிறுத்தம் இருந்ததால் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க இயலவில்லை. குளியலறைச் சாக்கெட்டின் எர்த் இணைப்பை நான் சோதிக்கவில்லை. மின்சாரம் வந்தபின் மீண்டும் வந்து சோதிக்க வேண்டும். அதுவரை கீசரைப் பயன்படுத்த வேண்டா.’