கியர் பெட்டியைக் கழற்றுவதற்கு முன்

மஸ்கெலியாவில் அடைமழைக் காலத்தின் ஒரு விடியற்காலை. லயத்துக்கு மேலேயுள்ள கொங்கிறீட் பாதையில் ஒரு பழைய கார் நிற்கிறது. எஞ்சின் நன்றாகவே இயங்குகிறது. ஆனால் கியரை 'டி'யில் போட்டால் மூன்று நான்கு வினாடிகள் அசைவில்லை. பிறகு யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் ஒரு குலுக்கு. ஏற்றத்தில் எஞ்சின் அலறுகிறதே தவிர கார் முன்னே போவதாக இல்லை.

அந்தக் காரின் சொந்தக்காரி ஒரு அக்கா. 1983 கலவரத்துக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன பல குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. 2009இல் யுத்தத்தின் இறுதி மாதங்களில் முழங்காலுக்குக் கீழே இடது காலை இழந்தார். கணவரைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. பிறகு இரண்டு பிள்ளைகளோடு மஸ்கெலியாவில் உள்ள அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தார். இப்போது தோட்டத்துப் பிள்ளைகளைப் பாடசாலைக்கும், நோயாளிகளை டிக்கோயா வைத்தியசாலைக்கும் கொண்டுபோவதுதான் அவரது பிழைப்பு.

கையால் கியர் மாற்றும் காரில் கிளட்சை மிதிக்க இடது கால் வேண்டும். 'ஓட்டோ' காரில் மிதிகள் இரண்டுதான், இரண்டையும் வலது காலே பார்த்துக்கொள்ளும். அதனால் அந்தக் கியர் பெட்டி அக்காவுக்கு இயந்திரம் மட்டுமல்ல, இழந்த காலின் வேலையைச் செய்யும் துணை.

கராஜ் ஒன்றில் காட்டினாராம். பொனட்டைத் திறக்காமலே, "கியர்பொக்ஸ் முடிஞ்சிருச்சு, வேற போடணும்" என்று சொல்லிவிட்டார்கள். கேட்ட தொகையோ இலட்சக் கணக்கில். "மிஸ், கடன் எடுக்க ஒரு கடிதம் தருவீங்களா?" என்று என்னிடம் வந்தார். நானும் பேனாவை எடுத்துவிட்டேன். எழுதத் தொடங்கும்போதுதான் ஒன்று உறைத்தது. கடனைப் பற்றி இருவரும் பேசுகிறோம், காருக்கு என்ன நோய் என்று இருவருக்குமே தெரியாது.

தோட்ட லொறிகளைத் திருத்தி ஓய்வுபெற்ற ஒரு வயதான பாஸிடம் போனோம். அவர் முதலில் கேட்டது ஒரு பழைய துணி. "ஒயில் கம்பிய இழுத்துப் பாத்தீங்களா, மகள்?" என்றார். அக்கா என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். அன்று அவர் சொல்லித் தந்ததையும், பின்னர் நான் கேட்டும் படித்தும் அறிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

ஒயில்தான் உயிர்

ஓட்டோ கியர் பெட்டியில் எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் ஒயில்தான். எஞ்சின் சுழலும்போது உள்ளே ஒரு பம்பும் சுழன்று ஒயிலை அழுத்தும். அந்த அழுத்தம்தான் உள்ளே இருக்கும் கிளட்சுத் தட்டுகளை இறுக்கிப் பிடிக்கிறது. ஒயில் குறைந்தால் அழுத்தம் குறையும், தட்டுகள் வழுக்கும், சூடேறிக் கருகும். இப்படிப்பட்ட காரைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாததற்கும் இதுவே காரணம். எஞ்சின் ஓடாவிட்டால் பம்பும் ஓடாது.

எனவே முதல் சோதனை ஒயில். அக்காவின் கார் டொயோட்டா கொரோலா. இந்த வகைக் காரைச் சிறிது தூரம் ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட வேண்டும். எஞ்சின் ஓடும்போதே பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை நகர்த்தி, மீண்டும் 'பி'யில் விட வேண்டும். பிறகு கம்பியை இழுத்து, நூல் உதிராத துணியால் துடைத்து, மறுபடி செருகி இழுத்துப் பார்க்க வேண்டும். சூட்டுக்குரிய இரண்டு குறிகளுக்கு இடையில் ஒயில் நிற்க வேண்டும். ஹொண்டா கார்கள் பலவற்றில் எஞ்சினை நிறுத்திய பிறகே பார்க்க வேண்டும். கம்பியே இல்லாத கார்களும் உண்டு, அவற்றைக் கராஜில்தான் பார்க்க முடியும். உங்கள் காரின் கைநூல் சொல்வதையே பின்பற்றுங்கள்.

அளவோடு நிறமும் மணமும் முக்கியம். இந்த ஒயில் பெரும்பாலும் புதிதில் சிவப்பாக இருக்கும். கறுத்துக் கருகல் வாடை அடித்தால் தட்டுகள் தேய்ந்திருக்கின்றன. பால் கலந்ததுபோல் இருந்தால் ரேடியேட்டர் வழியாகத் தண்ணீர் கலந்திருக்கலாம், அப்படியானால் ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள். இரவில் காருக்கு அடியில் ஒரு மட்டையை விரித்து வைத்தால், காலையில் விழுந்திருக்கும் சிவப்புச் சொட்டு கசிவைக் காட்டிக்கொடுக்கும்.

குணங்குறிகள் சொல்வது

முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டிலுமே தாமதம் என்றால் முதலில் ஒயில் அளவையும் அழுத்தத்தையும் சந்தேகிக்க வேண்டும். ஒன்றில் மட்டும் என்றால் அந்தக் கியருக்குரிய கிளட்சில் கோளாறு இருக்கலாம். கியர் போடும்போது 'டக்' என்று அடித்தால், எஞ்சினைத் தாங்கும் இறப்பர் மவுண்ட் உடைந்திருக்கவும் கூடும். அது கியர் பெட்டியின் நோயே அல்ல. பழைய கார்களில் அக்சிலரேட்டரிலிருந்து கியர் பெட்டிக்குப் போகும் கேபிள் சரியான இழுவையில் இல்லாவிட்டாலும் கியர் பிந்தியோ முரட்டுத்தனமாகவோ மாறும். மின்னணுக் கட்டுப்பாடுள்ள டொயோட்டா கார்களில் 'ஓ/டி ஓஃப்' விளக்கு தானாக மினுங்கினால், கணினி ஏதோ கோளாறைப் பதிந்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். அதை வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சிறிய மின்வால்வு பழுதாகியிருந்தாலும் காரின் நடத்தை பெட்டியே போனதுபோல இருக்கும்.

அக்காவின் காரில் கம்பியின் நுனியில் மட்டும்தான் ஒயில் ஒட்டியிருந்தது. ரேடியேட்டருக்குப் போகும் இறப்பர் குழாய் வெடித்து, மெல்ல மெல்ல ஒழுகியிருக்கிறது. பாஸ் குழாயை மாற்றினார். சம்பைக் கழற்றி, வடியக்கூடிய பழைய ஒயிலை வடித்து, வடிகட்டியைப் பார்த்து, அந்தக் காருக்குரிய ஒயிலையே ஊற்றினார். "பிரஷர் வச்சுக் கழுவச் சொல்லாதீங்க. பழைய பெட்டிக்கு அது ஆகாது" என்றும் சொன்னார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய ஒயிலில் லேசான கருகல் வாடை இருந்தது. "கொஞ்சம் தேஞ்சிருக்கு மகள். எவ்வளவு நாளுக்கு ஓடும்னு என்னால வாக்குக் குடுக்க ஏலாது. ஆனா இன்னைக்குப் பெட்டி மாத்தத் தேவல" என்றார் பாஸ். கேட்க இனிப்பாக இல்லாவிட்டாலும், அன்று அக்காவுக்குக் கிடைத்த முதல் நேர்மையான பதில் அதுதான். குழாய்க்கும் ஒயிலுக்கும் கூலிக்கும் ஆன செலவு கையிலிருந்த பணத்திலேயே முடிந்தது. கடன் கடிதம் தேவைப்படவில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. இவ்வளவு கொடுத்து வாங்கும்போது சோதிக்கக் கூச்சப்படாதீர்கள். விற்பவர் முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்கி வைக்காதபடி காலையிலேயே போங்கள். சில பெட்டிகளில் தாமதம் குளிரில்தான் தெரியும், சிலவற்றில் வழுக்கல் சூடேறிய பிறகு ஏற்றத்தில்தான் தெரியும். நோர்வூட்டிலிருந்து மஸ்கெலியாவுக்கு ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் பாதையே உண்மையைச் சொல்லிவிடும்.

ஓட்டும் முறையும் முக்கியம். ஏற்றத்தில் நிற்கும்போது அக்சிலரேட்டரை மிதித்து வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள், ஒயில் கொதிக்கும். பிரேக்கையோ ஹேண்ட்பிரேக்கையோ பயன்படுத்துங்கள். நீண்ட இறக்கத்தில் வேகத்தைக் குறைத்து '2'க்கோ 'எல்'லுக்கோ மாற்றினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கும் சூடாகாது. கார் முழுவதுமாக நின்ற பிறகே 'ஆர்' போடுங்கள். நின்றுபோன காரை முன்சக்கரங்கள் தரையில் உருளக் கட்டி இழுக்க விடாதீர்கள், கரியரில் ஏற்றச் சொல்லுங்கள்.

யுத்தம் எம்மிடமிருந்து நிறையப் பறித்தது. எஞ்சியதையும் பயத்தினாலும் தெரியாமையினாலும் நாமே கொடுத்துவிடக் கூடாது. நாம் எல்லோரும் மெக்கானிக்காக வேண்டியதில்லை. "எங்கே பழுது? எனக்குக் காட்டுங்க" என்று கேட்கத் தெரிந்தால் போதும். காட்ட மறுக்கிற இடத்தில் காசைக் கொடுக்காதீர்கள்.

இப்போது அக்காவின் காரில் ஒரு பழைய துணி எப்போதும் இருக்கிறது. ஞாயிறுதோறும் கம்பியை இழுத்துப் பார்க்கிறார். போன வாரம் சந்தித்தபோது கம்பியை என் மூக்கருகே நீட்டி, "மணந்து பாருங்க மிஸ், கருகல் இல்லைதானே?" என்றார். இல்லை.