ஈக்யூ திரையில் தெரியும் மலை... பாட்டு எது, கோடு எது?

கல்வராயன் மலையில், பெரியார் அருவிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மூதாட்டி பாடுகிறார். கள்ளக்குறிச்சியிலிருந்து போன இளைஞர் ஒருவர் அதை போனில் பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வந்து கேட்டால் அருவி இரைச்சல், காற்று மைக்கில் மோதும் 'டபடப' சத்தம், நடுவே பாட்டு. சரி செய்யலாம் என்று லேப்டாப்பில் ஈக்வலைசரைத் திறக்கிறார். திரையில் ஒரு மலைத்தொடர் துள்ளுகிறது, குறுக்கே ஒரு கோடு. இதுல எதைப் பிடிச்சு இழுக்கணும்?

பலர் தடுமாறுவது இங்கேதான். கோட்டை அழகாக வளைத்துவிட்டு, பாட்டைக் கெடுத்துவிடுகிறார்கள்.

மலை வேறு, கோடு வேறு

துள்ளும் மலைக்கு ஸ்பெக்ட்ரம் அனலைசர் என்று பெயர். அந்த நொடியில் ஒலியில் என்னென்ன இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. குறுக்கே ஓடும் கோடு ஒலி அல்ல. ஒலியில் என்ன மாற்றம் செய்யச் சொல்லியிருக்கிறோம் என்பதுதான் அது. கோடு 0 டெசிபலில் நேராக இருந்தால், 'எதையும் தொடவில்லை' என்று அர்த்தம். 'ஒலி நன்றாக இருக்கிறது' என்று அர்த்தமில்லை.

இடமிருந்து வலம்

படுக்கைவாட்டில் இருப்பது அதிர்வெண். இடது ஓரம் 20 ஹெர்ட்ஸ், வலது ஓரம் 20,000 ஹெர்ட்ஸ். கனமான பாஸ் இடப்பக்கம், கூர்மையான ஒலிகள் வலப்பக்கம். 20 முதல் 200 வரை எவ்வளவு இடமோ, 200 முதல் 2,000 வரைக்கும் அதே இடம்தான். காரணம், நம் காது விகிதத்தில் கேட்கிறது. கீழ் 'ஸ'விலிருந்து மேல் 'ஸ'வுக்குப் போனால் அதிர்வெண் இரட்டிப்பாகிறது. 100லிருந்து 200, 1,000லிருந்து 2,000 இரண்டுமே ஒரு ஸ்தாயிதான். அதனால் திரையிலும் ஒரே அகலம்.

மேலும் கீழும்

செங்குத்தாக இருப்பது டெசிபல். 6 டெசிபல் ஏற்றினால் அலையின் வீச்சு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஆனால் காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற சுமார் 10 டெசிபல் தேவை.

இங்கே ஒரு கண்கட்டு வித்தை உண்டு. பல மென்பொருள்களில் இந்த அளவுகோலை மாற்றிக்கொள்ளலாம். 3 டெசிபல் ஏற்றம், உச்ச அளவு 3 என்று வைத்த திரையில் கூரையைத் தொடும். 30 என்று வைத்தால் சின்ன மேடுதான். ஒலி ஒன்றே, படம்தான் வேறு. ஆகவே வளைவைப் பார்த்துப் பயப்படும் முன், ஓரத்தில் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும்.

அந்தப் பாட்டை என்ன செய்யலாம்?

காற்றின் 'டபடப' பெரும்பாலும் இடது ஓரத்தில் இருக்கும். பெண் குரலின் அடிப்படை அதிர்வெண், பேச்சில் பொதுவாக 165 முதல் 255 ஹெர்ட்ஸ் வரை. அதனால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் குரலுக்குப் பெரிய சேதமில்லை. கூடவே மேளம் ஒலித்தால் மட்டும் கவனம் தேவை, அதன் கனமும் சேர்ந்து போய்விடும்.

அருவி அப்படியல்ல. அதன் இரைச்சல் திரை முழுவதும் பரவிக் கிடக்கும். சொற்களைத் தெளிவாக்கும் ஒலிகள் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் நிறைய உண்டு. இரைச்சலைக் குறைக்க அங்கே வெட்டினால் சொற்களும் மழுங்கும். குரல் எது, அருவி எது என்று ஈக்யூவுக்குத் தெரியாது. அந்தப் பகுதியில் இருக்கும் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் குறைக்கும்.

உண்மையான தீர்வு மலையிலேயே இருந்தது. திறந்தவெளியில் பாடுபவருக்கும் போனுக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். தள்ளியிருக்கும் அருவியோ ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். ஈக்யூவால் செய்ய முடியாததை இரண்டடி நகர்ந்தால் செய்துவிடலாம்.

தீர்ப்பு காதுக்கு

எதை ஏற்றினாலும் சத்தம் கூடும். சத்தம் கூடினால் 'ஆஹா, நல்லா இருக்கே' என்று மனசு ஏமாந்துவிடும். அதனால் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் சத்தத்தின் அளவைச் சமமாக்கிவிட்டு, பைபாஸ் பட்டனை அழுத்தி அழுத்தி, திரையைப் பார்க்காமல் கேட்பதே சரியான சோதனை. வித்தியாசம் தெரியவில்லையா? அந்த வளைவு தேவையே இல்லை.

முக்கியமாக, அசல் பதிவின் மேல் எழுதிச் சேமிக்கக் கூடாது. கோட்டை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். அந்த மூதாட்டி அதே பாட்டை இன்னொரு முறை பாடுவாரா என்பது யாருக்கும் தெரியாது.