தனித்தீவில் தொடங்கினால் தோல்வியா? ‘சிவிலைசேஷன்’ கேமில் ஜெயிக்க ஆம்பூர் சொல்லும் வழி!

ஆம்பூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை மதியம். பிரியாணி முடிந்து, கத்தரிக்காய் தொக்கு மட்டும் கிண்ணத்தில் மிச்சம். கல்லூரியில் படிக்கும் தம்பி போனைப் பார்த்து நொந்துகொள்கிறான். ஷூ கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் அக்கா எட்டிப் பார்க்கிறாள்.

“ச்சே, மறுபடியும் தீவுக்கா! ரீஸ்டார்ட் பண்ணப் போறேன்.”

“தீவா இருந்தா என்னடா?”

“சுத்தியும் கடல்க்கா. பக்கத்துல ஒருத்தருமே இல்ல. வியாபாரத்துக்கு ஆள் இல்ல, ஊர் கட்ட நிலமும் இல்ல. கண்டிப்பா தோத்துருவேன்.”

“நம்ம ஊர்ல கடலே இல்ல. ஆனா நான் ஒட்டுற பெட்டி கப்பல் ஏறி வெளிநாடு போகுது. உனக்குச் சுத்தியும் கடல் இருக்கு, நீ அழுவுறியே!”

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், ‘சிவிலைசேஷன்’ ஆடும் பலருக்கும் அந்தத் தம்பியின் புலம்பல் பழக்கமானது. அக்காவின் பதிலில்தான் இந்தச் சிக்கலுக்கான விடையும் இருக்கிறது.

அது என்ன கேம்?

சித் மேயர் உருவாக்கிய ‘சிவிலைசேஷன்’ 1991-ல் முதன்முதலில் வந்தது. செஸ் போல இதுவும் முறை வைத்து ஆடும் விளையாட்டு. உங்கள் முறையில் நீங்கள் நகர்த்தலாம், கட்டலாம், ஆராயலாம். முடித்ததும் அடுத்தவர் முறை. கற்காலத்தில் ஒரே ஒரு ஊருடன் தொடங்கி, விண்வெளி யுகம் வரை ஒரு நாகரிகத்தை வளர்க்க வேண்டும். 2016-ல் வந்த ‘சிவிலைசேஷன் 6’ ஐபோனுக்கு 2018-லும், ஆண்ட்ராய்டுக்கு 2020-லும் வந்து சேர்ந்தது.

ஒவ்வொரு ஆட்டத்திலும் வரைபடம் புதிதாக உருவாகும். சில நேரம் பெரிய கண்டத்தில் நான்கு அண்டை வீட்டாரோடு தொடங்குவீர்கள். சில நேரம் நான்கு ஊர் கட்டினாலே நிரம்பிவிடும் தனித்தீவு கிடைக்கும். அப்போதுதான் பலரும் ரீஸ்டார்ட் பட்டனைத் தேடுகிறார்கள்.

தீவு எதைக் கொடுக்கிறது, எதை எடுக்கிறது?

முதலில் நல்ல செய்தி. தீவைச் சுற்றியுள்ள கடல் ஓர் அகழி. ஆரம்ப காலத்தில் எந்த அண்டை நாடும் படையோடு வாசலில் வந்து நிற்காது. கம்ப்யூட்டர் ஆட்டக்காரர்கள் கடல் தாண்டிப் படையெடுப்பதில் பொதுவாகவே சொதப்புவார்கள். பக்கத்து நாட்டின் ஈர்ப்பில் உங்கள் ஊர் கைமாறிப் போகிற ‘லாயல்டி’ தொல்லையும் இல்லை. அடுத்தவன் முந்திக்கொள்வானே என்ற பதற்றம் இல்லாமல் ஊர் கட்டலாம்.

இழப்பு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. இந்த கேமில் ஒரு குறிப்பிட்ட செயலைச் செய்தால், அதோடு தொடர்புள்ள ஆராய்ச்சியில் பெரிய பங்கு இலவசமாக முடிந்துவிடும். இதற்கு ‘யுரேகா’ என்று பெயர். ‘ரைட்டிங்’ என்ற எழுத்தறிவுக்கான யுரேகா, இன்னொரு நாகரிகத்தைச் சந்தித்தால்தான் கிடைக்கும். நல்ல அரசாங்க முறைகளைத் திறக்கும் ‘பொலிட்டிக்கல் ஃபிலாசஃபி’க்கும் இதே போன்ற சலுகை உண்டு. அதற்கு மூன்று ‘சிட்டி ஸ்டேட்’களைச் சந்திக்க வேண்டும். வெளிநாட்டு வணிகத்துக்கு இரண்டாவது கண்டம் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆக, தீவுக்காரருக்கு நிலம் குறைவு என்பதைவிட அறிமுகம் குறைவு என்பதே பெரிய பிரச்னை. மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பழகி வேகமாக வளரும்போது, நீங்கள் எல்லாவற்றையும் சொந்தமாக, முழு விலை கொடுத்துக் கற்க வேண்டியிருக்கும்.

வரலாற்றிலும் இதற்குச் சான்று இருக்கிறது. ஜப்பான் 17-ம் நூற்றாண்டில் வெளியுலகத் தொடர்பைக் கடுமையாகச் சுருக்கிக்கொண்டது. 200 ஆண்டுகளுக்கு மேல் உள்நாட்டில் அமைதி இருந்தது, கலைகள் வளர்ந்தன. ஆனால் 1853-ல் அமெரிக்கத் தளபதி பெர்ரி நான்கு போர்க்கப்பல்களுடன் வந்து நின்றபோது, அந்தக் கப்பல்களுக்கு ஈடுகொடுக்க ஜப்பானிடம் ஒன்றும் இல்லை. அகழி காப்பாற்றும். ஆனால், அடுத்தவர் நல்ல கப்பல் கட்டும் வரைதான்.

எதை முதலில் ஆராய்வது?

தீவு என்று தெரிந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, கடல் சார்ந்த ஆராய்ச்சியை முன்னுக்குக் கொண்டுவருவது. ‘சிவிலைசேஷன் 6’-ல் அந்தப் பாதை படிப்படியாகப் போகிறது.

*‘செய்லிங்’:* முதல் ஊரைக் கடலோரம் அமைத்தால் இதன் யுரேகா உடனே கிடைக்கும். இதை முடித்ததும் ‘கேலி’ என்ற துடுப்புக் கப்பல் கட்டலாம். மீன், நண்டு இருக்கும் கட்டங்களில் படகு போடலாம்.

*‘செலஸ்டியல் நேவிகேஷன்’:* இரண்டு கடல் வளங்களில் படகு போட்டிருந்தால் இதற்கும் யுரேகா உண்டு. துறைமுகம் கட்டும் உரிமை இதில்தான் வருகிறது. வணிகர்களும் கடலில் இறங்கலாம்.

*‘ஷிப்பில்டிங்’:* இரண்டு கேலி கப்பல்கள் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இதற்குப் பிறகுதான் புது ஊர் அமைக்கும் ‘செட்லர்’கள் கடல் கடக்க முடியும்.

*‘கார்ட்டோகிராஃபி’:* இரண்டு துறைமுகங்கள் கட்டினால் யுரேகா. அதுவரை கரையை ஒட்டியே போன கப்பல்கள், இதன் பிறகு ஆழ்கடலில் இறங்கலாம்.

கவனித்தீர்களா? அறிமுகத்தால் வரும் சலுகைகளைத் தீவு பறித்தாலும், கடலால் வரும் சலுகைகளை வரிசையாகக் கையில் கொடுக்கிறது. அதைப் பயன்படுத்தாமல், கண்டத்தில் ஆடுகிற பழக்கத்தில் குதிரை, வில் என்று போகிறவர்கள்தான் பின்தங்குகிறார்கள்.

முதல் கேலி கப்பலைக் காவலுக்கு நிறுத்தாதீர்கள். கரையை ஒட்டி ஊர் சுற்ற அனுப்புங்கள். தூரத்தில் ஒரு சிட்டி ஸ்டேட்டோ, வேறு நாட்டின் எல்லையோ தெரிந்தால் போதும். உங்கள் தனிமை அன்றோடு முடிந்தது. கப்பல்களை வேகமாகக் கட்ட ‘மேரிடைம் இண்டஸ்ட்ரீஸ்’ என்ற கொள்கை அட்டை உதவும். ஆரம்ப காலக் கப்பல்களுக்கு அது உற்பத்தியை இரட்டிப்பாக்கும்.

சிறிய இடம், கூடுதல் மதிப்பு

அடுத்த சிக்கல் நிலம். இங்கேதான் அக்காவின் ஊர் பாடம் நடத்துகிறது.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் கடலும் இல்லை, துறைமுகமும் இல்லை. ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிடும் பழைய தொழில் இருந்தது. பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியாக வெளிநாடு போனது. நெடுங்காலம் முழுமையாகப் பதனிடாத தோலாகவே போனதால், அதைச் செருப்பாகவும் பையாகவும் மாற்றிய வெளிநாட்டினருக்கே பெரிய லாபம். 1973-ல் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதன் பிறகு தோலை இங்கேயே முழுமையாக்குவது, ஷூவாகவே தைத்து அனுப்புவது என்று தொழில் மாறியது. சென்னையில் 1948-ல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் அந்த மாற்றத்துக்குத் துணை நின்றது.

தீவு ஆட்டத்துக்கும் இதுவே சூத்திரம். கட்டங்கள் குறைவு என்றால், ஒவ்வொரு கட்டத்தின் மதிப்பையும் கூட்ட வேண்டும்.

ஊர்களை நெருக்கமாக அமையுங்கள். ஒரே நிலப்பரப்பில் இரண்டு ஊர்களுக்கு நடுவே மூன்று கட்டங்கள் இருந்தால் போதும் என்கிறது கேம் விதி. துறைமுகத்தை ஊர் மையத்தை ஒட்டி, கடல் வளங்களுக்குப் பக்கத்தில் வைத்தால் தங்க வரவு கூடும். அதற்குள் லைட்ஹவுஸும் எழுந்துவிட்டால் உணவு பெருகும், மக்கள் வசிக்க இடம் கூடும், வணிகப் பாதையும் ஒன்று அதிகமாகும். வெளியில் ஆள் கிடைக்கும் வரை, சொந்த ஊர்களுக்கு இடையிலேயே வணிகம் செய்யுங்கள். அதில் உணவும் உற்பத்தியும் வரும்.

ஆற்றோரமா, கடலோரமா என்ற கேள்வியும் வரும். நல்ல தண்ணீர் உள்ள இடத்தில் ஊர் அமைத்தால் தொடக்கத்திலேயே 5 பேர் வசிக்க இடம். கடலோரம் மட்டும் என்றால் 3. ஆறு கடலில் கலக்கும் இடம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்.

அவசரப்பட்டு வெட்டாதீர்கள்!

காட்டை வெட்டினால் உடனடி உற்பத்தி கிடைக்கும். கண்டத்தில் இருப்பவர் வெட்டிவிட்டு அடுத்த காட்டுக்குப் போகலாம். தீவுக்காரருக்கு அடுத்த காடு கிடையாது. முதல் செட்லர், முதல் துறைமுகம் போன்ற அவசியங்களுக்கு மட்டும் வெட்டி, மீதியை விட்டுவைப்பது நல்லது.

இதையும் தோல் மண்டலம் அனுபவத்தில் அறியும். தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்துபவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாகப் பதித்த தீர்ப்பு அது. கேமில் தவறு செய்தால் ரீஸ்டார்ட் பட்டன் இருக்கிறது. ஆற்றுக்கு அப்படி ஒரு பட்டன் கிடையாது.

தனித்தீவிலும் திருடர்கள் உண்டு

யாருமே இல்லாத தீவுதானே என்று காவலைக் கைவிடக் கூடாது. உங்கள் பார்வை படாத கட்டங்களில் ‘பார்பேரியன்’ முகாம்கள் முளைக்கும். கடலோர முகாமில் இருந்து கொள்ளைக் கப்பல்களும் வரும். தீவின் இரண்டு மூன்று முனைகளில் ஒவ்வொரு வீரரை நிறுத்தினால், தீவு முழுவதும் கண்காணிப்பில் இருக்கும். முகாம் முளைக்கவே இடம் இருக்காது. நான்கு பேர் போதும், பெரிய படை தேவையில்லை.

ஒரே வாடிக்கையாளரை நம்பாதீர்கள்

கடல் தாண்டி ஒரு நாட்டைச் சந்தித்ததும், எல்லா வணிகப் பாதைகளையும் அங்கேயே திருப்பத் தோன்றும். அந்த நாடு போர் அறிவித்தால் அத்தனை பாதையும் ஒரே டர்னில் போய்விடும். இரண்டு மூன்று நாடுகள், சில சிட்டி ஸ்டேட்கள் என்று பிரித்துப் போடுவதே பாதுகாப்பு.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியது. தோல் பொருள்களும் காலணிகளும் அதில் அடக்கம். வாங்குபவர் ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்ற கவலை, ஏற்றுமதியை நம்பும் ஊர்களுக்கு வெறும் கேம் சமாசாரம் அல்ல.

சந்தையைப் பிரிப்பதில் நம் முன்னோர் கெட்டிக்காரர்கள். ‘ஐந்நூற்றுவர்’ என்ற வணிகக் குழு 1088-ல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு, இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் பரூஸ் அருகே கிடைத்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் வெளியான ‘சிவிலைசேஷன் 7’-ல் சோழர்களும் ஒரு நாகரிகமாக இடம்பெற்றிருக்கிறார்கள். மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்ற பழைய வணிகக் குழுக்களின் பெயரில் அவர்களுக்குத் தனிக் கட்டடங்கள் உண்டு.

பெற்றோர் கவனத்துக்கு...

‘சிவிலைசேஷன் 6’ 10 வயதுக்கு மேற்பட்டோருக்கானது என்று அமெரிக்கத் தர அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. ரத்தக் களறி பயம் வேண்டாம். நேரம்தான் ஆபத்து. சாதாரண வேகத்தில் ஓர் ஆட்டம் 500 டர்ன் வரை போகும். “இன்னும் ஒரே ஒரு டர்ன்” என்று விடிந்துவிடும். ‘ஆன்லைன்’ வேகத்தைத் தேர்ந்தெடுத்தால் 250 டர்ன். எந்த டர்னிலும் சேமித்து நிறுத்தலாம் என்பதால், “30 டர்ன் முடிந்ததும் போனை வை” என்று பேசி வைத்துக்கொள்வது நல்லது.

சரி, ஆம்பூர் வீட்டுக்குத் திரும்புவோம். தம்பியின் விரல் இப்போது ரீஸ்டார்ட் பட்டனில் இல்லை. முதல் கேலி கப்பல் தயாராகிவிட்டது.

“அக்கா, கிழக்கால அனுப்பட்டா, மேற்கால அனுப்பட்டா?”

“எந்தப் பக்கம் வேணா அனுப்புடா. கரையிலயே நிறுத்தி வெச்சுடாத, அவ்ளோதான்!”