பரங்கிக்காய் மசியல் (முயல் உணவு)

பரங்கிக்காய் மசியல் என்பது தோலும் விதையும் நீக்கி, உப்பிடாமல் வேகவைத்து மசித்த பரங்கிக்காய்ச் சதை ஆகும். குழந்தைகளின் இணையுணவுக்காகவோ சூப், அல்வா முதலியவற்றுக்காகவோ செய்யும்போது எஞ்சும் மசியலை வளர்ப்பு முயல்களுக்குச் சிறிதளவு கொடுக்கலாம். முயலுக்குத் தேவைப்படும் அளவு மிகக் குறைவு. மசியலோ விரைவில் கெடக்கூடியது. எனவே இவ்வுணவைப் பொறுத்தவரை ஊட்டமதிப்பைவிடச் சேமிப்பு முறையே முதன்மையானது.

பெயர்க் குழப்பம்

மஞ்சள் நிறச் சதையுடைய இக்காய் சென்னை வட்டாரத்தில் பரங்கிக்காய், மஞ்சள் பூசணி என்றும், கொங்கு நாட்டில் அரசாணிக்காய் என்றும், தென்மாவட்டங்களில் சர்க்கரைப் பூசணி என்றும் வழங்கப்படுகிறது. வெண்பூசணி இதனின்று வேறான காய். திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டை போன்ற இடங்களில் ஆயுதபூசையன்று திருட்டி கழித்து உடைக்கப்படுவது வெண்பூசணியே. குங்குமம் தடவித் தெருவில் உடைத்த காயை, வீணாகிறதே என்று எடுத்துவந்து முயலுக்கு இடுதல் கூடாது.

முயலின் செரிமானம்

வீடுகளில் வளர்க்கப்படுபவை ஐரோப்பிய முயலின் வழிவந்தவை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் விற்கப்படும் முயல்களும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. (இந்தியக் காட்டுமுயல் வேறு இனம்; அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்டது, அதனை வளர்த்தல் குற்றம்.) முயலின் குருட்டுக்குடல் மிகப் பெரியது. அதில் வாழும் நுண்ணுயிர்கள் நார்ப்பொருளை நொதிக்கச் செய்கின்றன. நொதித்த பொருள் மென்மையான உருண்டைகளாக வெளிவர, முயல் அதை மீண்டும் உண்டு சத்தினைப் பெறுகிறது. சர்க்கரையும் மாவுப்பொருளும் மிகுந்தால் இந்நுண்ணுயிர்ச் சமநிலை குலைந்து கழிச்சலும் வயிற்று உப்புசமும் உண்டாகும். முயலால் வாந்தி எடுக்க இயலாது என்பதால் கெட்ட உணவை வெளியேற்றும் வழியும் அதற்கு இல்லை.

ஆகவே உலர்புல்லும் பசும்புல்லுமே முதன்மை உணவு. அறுகம்புல், வேலிமசால், குதிரைமசால் ஆகியவை தமிழ்நாட்டில் கிடைக்கும் நல்ல தீவனங்கள். தாம்பரத்துக்குத் தெற்கே காட்டுப்பாக்கத்திலுள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக ஆய்வு நிலையத்தில் முயல் வளர்ப்பு குறித்த பணிகள் நடைபெறுகின்றன. பரங்கிக்காயில் பத்தில் ஒன்பது பங்கு நீரே உள்ளது. அது புல்லுக்கு மாற்றாகாது. மேலும் முயலின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்பவை, மென்று தேய வேண்டியவை. மசித்த உணவில் மெல்லுவதற்கு ஒன்றுமில்லை. நலமாக உள்ள முயலுக்கு மசியலைவிடப் பச்சைக் காயின் சிறு துண்டே மேல். பல்நோயுள்ள முயலுக்கும், மருந்தைக் கலந்து கொடுப்பதற்கும் மசியல் பயன்படும்.

அளவுக் கணக்கு

இரண்டு கிலோ எடையுள்ள வளர்ந்த முயலுக்கு ஒரு வேளைக்கு இரண்டு தேக்கரண்டி (சுமார் 10 கிராம்) வீதம், வாரத்தில் மூன்று நாட்கள் கொடுத்தால் போதும். கடைகளில் பத்தையாக நறுக்கி விற்கப்படும் காயில் அரைக் கிலோ வாங்கினால் ஏறத்தாழ 400 கிராம் மசியல் கிடைக்கும். இரண்டு முயல்கள் உள்ள வீட்டில் ஒரு வாரத்துக்கு 60 கிராம் மட்டுமே செலவாகும். அதாவது அப்பத்தை ஆறு வாரங்களுக்கு மேல் வரும். குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டிலோ மசியல் மூன்று, நான்கு நாட்களுக்கு மேல் தாங்காது.

சேமிக்கும் முறை

வெந்த மசியலை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்தல் ஆகாது. வெப்பநிலை 32 பாகை செல்சியசைத் தாண்டும் சென்னைக் கோடையில் ஒரு மணி நேரமே எல்லை. அகன்ற தட்டில் பரப்பினால் விரைவில் ஆறும். ஆறியபின் பனிக்கட்டித் தட்டின் குழிகளில் ஊற்றி உறையவைத்து, உறைந்த கட்டிகளைக் காற்றுப் புகாத பையிலிட்டு, நாள் குறித்து, உறைபெட்டியில் வைக்க வேண்டும். ஒரு குழியில் ஏறத்தாழ 20 கிராம் கொள்ளும். இரண்டு முயல்களுக்கு ஒரு வேளைக்கு அதுவே கணக்கு. −18 பாகையில் இக்கட்டிகளைச் சில மாதங்கள் வைத்திருக்கலாம். முதல்நாள் இரவே ஒரு கட்டியைக் கீழ்த்தட்டுக்கு மாற்றி உருகவிட்டு, குளிர் தணிந்தபின் கொடுக்க வேண்டும். உருகியதை மீண்டும் உறையவைத்தல் கூடாது. கிண்ணத்தில் மீந்ததை ஒரு மணி நேரத்தில் அகற்றிவிட வேண்டும். முயல் எச்சில்பட்டதைப் பெட்டிக்குள் திரும்ப வைப்பது வீண் சிக்கனம்.

ஊறுகாய் போலப் புட்டியில் அடைத்து வெளியே வைக்கும் முறை இதற்குப் பொருந்தாது. பரங்கிக்காய் புளிப்புக் குறைந்த காய் ஆதலால், காற்றில்லாப் புட்டிக்குள் குளோசுட்ரிடியம் போட்டுலினம் என்னும் நுண்ணுயிர் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கக்கூடும். மசியல் கெட்டியாக இருப்பதால் வெப்பம் நடுப்பகுதி வரை சீராகச் செல்வதில்லை. அமெரிக்க வேளாண்துறையும் வீட்டில் பரங்கி மசியலைப் புட்டியில் அடைப்பதைப் பரிந்துரைப்பதில்லை.

மின்தடைக் காலம்

2015 வெள்ளம், 2016 வர்தா புயல், 2023 மிக்சாம் புயல் ஆகியவற்றின்போது சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகள் பலவற்றில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. நிறைந்த உறைபெட்டி, கதவைத் திறக்காதிருந்தால், சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிர் காக்கும். அதன்பின் உருகிக் கிடக்கும் மசியலை, முகர்ந்து பார்த்து முடிவு செய்யாமல், கொட்டிவிட வேண்டும். வெட்டாத முற்றிய காய்க்கு இத்தொல்லை இல்லை: காம்புடன் உறியிலோ பரணிலோ காற்றோட்டமாக வைத்தால் பல வாரங்கள் கெடாது.

கொடுக்கக் கூடாதவை

பரங்கிக்காய்க் கூட்டு, சாம்பார் ஆகியவற்றில் உள்ள உப்பு, மிளகாய், வெங்காயம் முயலுக்கு ஒவ்வாதவை, வெங்காயம் நஞ்சாகும். கசக்கும் பரங்கிக்காயில் குக்குர்பிட்டாசின் என்னும் நச்சுப்பொருள் மிகுந்திருப்பதால் அதை மனிதரும் உண்ணலாகாது. புதிதாக மசியல் கொடுத்தபின் எச்சம் இளகினால் உடனே நிறுத்திப் புல் மட்டும் இட வேண்டும். முயல் அரை நாளுக்கு மேல் உண்ணாமலும் எச்சமிடாமலும் இருந்தால் அது உயிராபத்தாக முடியலாம். அந்நிலையில் மசியலை வாயில் புகட்ட முயலாமல், தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.