ஜெய்சல்மேருக்கு எந்த மாதம் போகலாம்?

பெரிய லீவு விட்டதும் எங்கேயாவது அழைத்துப் போகச் சொல்லிக் குழந்தைகள் பிடுங்கி எடுப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஊட்டி, கொடைக்கானல் என்றால் கவலையில்லை, மே மாதமே போய் வரலாம். எங்கள் வீட்டில் கிளம்பிய பேச்சோ ஜெய்சல்மேர்! அதுவும் கிளப்பியது குழந்தைகள் இல்லை, 71 வயதான என் மாமியார்.

"கண்ணு நல்லா இருக்கும்போதே அந்த மணல்மேட்டை ஒரு தடவை பாத்துடணும்மா" என்றார். ராஜஸ்தானின் மேற்குக் கோடியில், தார் பாலைவனத்தில், 1156-ல் ராவல் ஜெய்சல் என்ற அரசர் உண்டாக்கிய ஊர் அது. கோட்டை, வீடு, கோயில் எல்லாமே மஞ்சள் கல். சாயங்கால வெயில் பட்டால் ஊரே பொன்னாக ஜொலிக்கும். சத்யஜித் ரே 1974-ல் எடுத்த 'சோனார் கெல்லா' படத்துக்குப் பெயர் தந்த பொற்கோட்டை இதுதான்.

என் கணவர் உடனே கணக்குப் போட்டார். "மே மாசம் போனா ஹோட்டல் பாதி விலை. பசங்களுக்கும் லீவு. இதைவிட வேறென்ன வேணும்?"

பாதி விலைக்கு ஏன் கொடுக்கிறான் என்று யோசிக்க வேண்டாமா? ஜெய்சல்மேரில் மே மாதத்தின் சராசரிப் பகல் வெப்பமே சுமார் 42 டிகிரி செல்சியஸ். சில நாள் 45-ஐயும் தாண்டும். ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் போகும் ரயில் பாதையில் பலோடி என்று ஓர் ஊர் வரும். 2016 மே 19 அன்று அங்கே பதிவான வெப்பம் 51 டிகிரி! இது போதாதென்று 'லூ' என்ற அனல் காற்று வேறு. அடுப்பு வாயைத் திறந்து வைத்த மாதிரி முகத்தில் அடிக்கும் என்பார்கள்.

"நாம பாக்காத வெயிலா?" என்று கேட்பவர்கள் உண்டு. நம் சென்னை வெயில் வேறு, அந்த வெயில் வேறு. இங்கே வியர்வை வழிகிறது, புடவை நனைகிறது, உடனே தண்ணீர் கேட்கிறோம். அங்கே காற்றில் ஈரமே இல்லாததால் வியர்வை வந்த சுவடு தெரியாமல் உலர்ந்து விடுகிறது. உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் போயிற்று என்பது நமக்கே தெரியாது. தாகம் எடுக்கும்போது ஏற்கெனவே பற்றாக்குறை ஆரம்பித்திருக்கும். வயதானவர்களுக்குத் தாக உணர்வே மட்டு. என் மாமியார் ரத்தக் கொதிப்புக்காகச் சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்று, சிறுநீரை அதிகம் போகச் செய்கிற வகை. எங்கள் டாக்டரம்மா இதைக் கேட்டதும், "மே மாசமா? அந்தப் பேச்சே வேண்டாம். குளிர்காலம் கழியும்போது கூட்டிண்டு போங்கோ" என்று சொல்லிவிட்டார். இவர் அதற்கப்புறம் பாதி விலையைப் பற்றிப் பேசவில்லை!

மே வேண்டாம் என்றாகிவிட்டது. ஜூலை, ஆகஸ்டில் மழை வருமே என்றால், அங்கே வருஷம் முழுக்கப் பெய்வது சுமார் 200 மில்லிமீட்டர்தான். சென்னையில் அதைப் போல ஆறேழு மடங்கு. பெய்தால் புல் முளைத்துக் கொஞ்சம் பச்சை தெரியும், ஆனால் வெயில் 36, 38 என்று அப்படியேதான் இருக்கும். மணல்மேட்டுக் கூடாரங்களும் பல மூடிக் கிடக்கும். நவராத்திரி லீவு சௌகரியம்தான், ஆனால் அக்டோபரிலும் பகலில் 36 டிகிரி.

டிசம்பர், ஜனவரி எல்லோரும் சொல்கிற சீஸன். பகல் 24, 26 என்று சுகமாக இருக்கும். ராத்திரி? சராசரி 8 டிகிரி, சில நாள் அதற்கும் கீழே. பாலைவனத்தில் மேகமும் இல்லை, காற்றில் ஈரமும் இல்லை. பகலில் மணல் வாங்கிய சூடெல்லாம் பொழுது சாய்ந்ததும் வானத்துக்கே போய்விடுகிறது. கூடாரத்தில் தங்கினால் பல் கிட்டிப் போகும். ஆஸ்துமா, மூட்டு வலி உள்ளவர்களுக்கு இந்த இரண்டு மாதமும் ஏற்றதில்லை என்பது என் அபிப்பிராயம். கூடவே அரையாண்டு லீவு, புது வருஷம் என்று கூட்டமும் வாடகையும் உச்சத்தில் இருக்கும்.

மிச்சம் இருப்பவை நவம்பரும் பிப்ரவரியும். நவம்பரில் பகல் 31, ராத்திரி 14. பிப்ரவரியில் 28, 11. நாங்கள் பிப்ரவரியைப் பிடித்தோம். குழந்தைகளுக்கு நாலு நாள் லீவு போட்டேன். பாடத்தை வந்து எழுதிக்கொண்டால் ஆயிற்று! மாக மாதப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் பாலைவனத் திருவிழா நடக்கும். ஒட்டக ஓட்டம், தலைப்பாகை கட்டும் போட்டி, மீசைப் போட்டி எல்லாம் உண்டு. பார்க்க ஆசைதான். ஆனால் வயதானவரோடு அந்த நெரிசல் வேண்டாமென்று அது முடிந்து ஒரு வாரம் கழித்துப் போனோம்.

கோட்டை குன்றின் மேல் இருக்கிறது. மேல் சதுக்கம் வரை ஆட்டோ போகிறதால் அத்தைக்கு ஏறும் சிரமம் இல்லை. உள்ளே இன்னும் ஆயிரக்கணக்கானவர்கள் குடியிருக்கிறார்கள். கொடியில் துணி காய்கிறது, வாசலில் பாட்டிமார்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜைனக் கோயில்களின் சிற்ப வேலையைக் காலையிலும், பட்வா சகோதரர்களின் ஐந்து மாளிகைகளை மறுநாளும் பார்த்தோம். அந்த மாளிகைகளின் கல் ஜன்னலில் ஜல்லடை மாதிரி துளைகள். வெயிலை வெளியே நிறுத்திக் காற்றை மட்டும் உள்ளே விடுகிற உபாயம். நம் ஊர் கண்ணாடிக் கட்டடங்களைக் கட்டுகிறவர்கள் ஒரு நடை போய்ப் பார்க்கலாம்.

ஊரிலிருந்து 40 கிலோமீட்டரில் சாம் மணல்மேடு. அத்தையின் முழங்காலுக்கு ஒட்டகம் எழுந்திருக்கும்போது வரும் குலுக்கல் ஆகாது என்று ஒட்டக வண்டி பிடித்தோம். மேட்டு விளிம்பில் ஜமக்காளம் விரித்து உட்கார வைத்தேன். சூரியன் அமுங்கும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை அவர். பிறகு மணலை ஒரு கை அள்ளி, "மாவு மாதிரி இருக்கேம்மா" என்றார். அடுத்த பத்து நிமிஷத்தில் குளிர் இறங்கிவிட்டது. சால்வை, காதுக்கு மப்ளர், காலுறை மூன்றையும் கையிலேயே வைத்திருங்கள், பெட்டியில் வைத்துப் பிரயோஜனமில்லை.

சாப்பாட்டில் கம்பு ரொட்டி, மோர், கேர்-சாங்கரி. சாங்கரி என்றால் ஏதோ என்று நினைத்தேன். விசாரித்தால் நம் வன்னி மரத்தின் காய்! நாம் கோயிலில் சுற்றிக் கும்பிடுகிற மரத்தை அவர்கள் கறி சமைத்துச் சாப்பிடுகிறார்கள். உலர்ந்த காயை ராத்திரியே ஊறப் போட்டு, வேக வைத்து, எண்ணெயும் காரமும் தாராளமாக விட்டு வதக்குகிறார்கள். காரம் ஆகாதவர்கள் தயிர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பிப்ரவரியானாலும் நடுப்பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை அறையில்தான் இருந்தோம். மணிக்கொரு தரம் அத்தைக்கு ஒரு டம்ளர் தண்ணீர், தாகம் இல்லாவிட்டாலும். உதடு வெடிக்காமல் வெண்ணெய், மூக்கு உலராமல் துளி தேங்காய் எண்ணெய் தடவினேன். வெயில் நாளில் யாராவது தள்ளாடினால், பேச்சு குழறினால், உடம்பு அனலாகக் கொதித்தால் நிழலுக்குத் தூக்கிப் போய் ஈரத்துணியால் துடைத்து விசிறி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

வீட்டில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை இருந்தால் பிப்ரவரி சரிப்படாது. தீபாவளி கழித்து நவம்பரில் போங்கள். அப்போது பலோடிக்குப் பக்கத்தில் கீச்சன் கிராமத்தில், குளிர்காலத்துக்காக வெளிதேசங்களிலிருந்து வரும் சாம்பல் நிற நாரைகள் ஆயிரக்கணக்கில் இறங்கியிருக்கும். ஊர்க்காரர்கள் தானியம் இறைக்கிற அழகையும் பார்க்கலாம். ரயில் டிக்கெட் 60 நாளைக்கு முன்பே திறக்கிறது. செப்டம்பரிலேயே காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.