"அக்கா, கேக்குதா?": மியூட்டுக்குப் பின்னால் நடக்கும் கூத்து

மேல்மலையனூரில் அமாவாசை இரவு. அங்காளம்மன் ஊஞ்சலுக்கு எழுந்தருளும் நேரம். பம்பையும் உடுக்கையும் காதைப் பிளக்கின்றன. கூட்டத்தின் ஓரமாக ஒரு தம்பி போனைத் திறந்து, டொரண்டோ, கொழும்பு, சிங்கப்பூர் தமிழர்கள் அரட்டையடிக்கும் குரல் அறைக்குள் நுழைகிறார் என்று வையுங்கள். "அக்கா, கேக்குதா?" மறுநொடியே டொரண்டோவிலிருந்து, "கேக்குது தம்பி, சொல்லுங்க!" இடையில் நடந்த கூத்து இருக்கிறதே, அடடா! வாங்க, திரையை விலக்கிப் பார்த்துவிடலாம்.

முதலில், போன் குரலை நொடிக்கு 48,000 முறை அளக்கிறது; அதிலிருந்து எதிரொலியும் இரைச்சலும் வடிகட்டப்படுகின்றன. ஃபேன் மாதிரி ஒரே சீராக இரைகிற சத்தம் சுலபமாக மாட்டிக்கொள்ளும். திடுதிடுவென அதிரும் பம்பைதான் வடிகட்டிக்குத் தலைவலி!

அடுத்து வெட்டு. அளந்த குரலைப் பெரும்பாலும் 20 மில்லிநொடித் துண்டுகளாக நறுக்குகிறார்கள். "கேக்குதா" முடிவதற்குள் இருபது, முப்பது துண்டு பறந்திருக்கும்! அப்படியே அனுப்பினால் நொடிக்கு 768 கிலோபிட். ஓபஸ் என்ற மென்பொருள் அதைக் கசக்கிப் பிழிந்து 24 கிலோபிட்டில் அடைத்துவிடும். 2012இல் தரமாக ஏற்கப்பட்ட இந்த ஓபஸுக்குள் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள்: பேச்சுக்கு ஸ்கைப் தந்த சில்க், இசைக்கு செல்ட். யாருக்கு எப்போது வேலை என்பதை ஓபஸே முடிவு செய்கிறது. சில நேரம் பாவம், ஒரே குரலின் தாழ்ந்த அதிர்வெண்களை சில்க்கும் உயர்ந்தவற்றை செல்ட்டும் பங்குபோட்டு, இரண்டு பேருமே களத்தில் இறங்க வேண்டியதுதான்!

வழியில் சில துண்டுகள் தொலையும். தொலைந்ததைத் திருப்பி அனுப்பச் சொல்ல நேரமில்லை. அது வந்து சேர்வதற்குள் பேச்சு தாண்டிப் போயிருக்கும். ஒரு பக்கப் பயணம் 150 மில்லிநொடியைத் தாண்டாமல் இருந்தால்தான் உரையாடல் இயல்பாக ஓடும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். அதனால் அக்காவின் போன் முன்பின்னாக வந்த துண்டுகளை வரிசைப்படுத்தி, விட்டுப்போன இடத்தைத் தானே ஊகித்து நிரப்புகிறது. ஆமாம், தம்பி சொன்னதில் ஒரு துளி, தம்பி சொல்லாதது!

இதைவிட வேடிக்கை, மௌனம். யாரும் பேசாதபோது துண்டு அனுப்புவதை நிறுத்திவிடலாம். ஆனால் சுத்தமாக அடங்கிப்போனால், "கட் ஆயிடுச்சா?" என்று பதறுவோம். அதற்காக லேசான ஓர் இரைச்சலைப் போனே தயாரித்து ஊட்டுகிறது. அமைதி கூட செட்டிங்தான்!

2021 மே 21 அன்று, இப்படிப்பட்ட குரல் அறைகளுக்கான கிளப்ஹவுஸின் ஆண்ட்ராய்டு செயலி இந்தியாவுக்கு வந்ததும், கமெண்ட்டில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த தமிழர்கள் விடிய விடியக் குரலில் மல்லுக்கட்டினார்கள். அங்கே மாடரேட்டர்தான் தெருக்கூத்தின் கட்டியங்காரன்: வருகிறவரை அறிமுகம் செய்வார், நடுவே கிண்டலடிப்பார், கதை தடம் மாறினால் இழுத்துப் பிடிப்பார். கை தூக்கியவரை மேடையேற்றுவதும் அவரே, மியூட் போடுவதும் அவரே.

அந்தக் கட்டியங்காரர்கள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள்? மேடையில் வாயே திறப்பதில்லை. "அவர் பத்து நிமிஷமா விடாம பேசுறாரு, மைக்கைப் புடுங்குங்க!" என்று பக்கத்திலேயே ஒரு வாட்ஸ்அப் குழுவில் பரபரவெனத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். குரல் வந்து எழுத்தை விரட்டவில்லை. அதை மேடைக்குப் பின்னால் வேலைக்கு வைத்துக்கொண்டது!